தசையைத் தாக்கும் காவற்படை



வைத்தியப் பொருளொன்றைப் பற்றிப் பேச வந்திருக்கின்ற நான் வைத்தியனல்லன். கலைப் பட்டதாரி, தமிழும் வரலாறும் கற்பித்து, இன்று அரசினர் பாடசாலையொன்றின் அதிபராயிருப்பவன். தசையழற்சி நோய்களில் உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலுக்குள்ள பங்கைப் பற்றி உனக்கென்ன பேச்சு என்று நீங்கள் வினவலாம். நான் இழைத்த ஒரு பிழையே என்னை இப்பொருளைக் கற்கும்படி செய்தது. ஆதலால் அப்பிழையிலிருந்தே தொடங்குகின்றேன்.

எங்கள் பாடசாலையில் கணிதம் கற்பித்து வந்தார் ஓர் ஆசிரியை, நாற்பத்தைந்து வயதினர். கரும்பலகையின் மேல் விளிம்பிலே தொடங்கி, வரிவரியாக, அச்சிட்டாற்போல எழுதுவது அவர் வழக்கம். ஒரு தவணையில் அவரது எழுத்துப் பலகையின் நடுவிலிருந்து தொடங்கலாயிற்று. அடுத்த தவணையில் அது கீழ்ப்பாகத்துக்கு இறங்கிவிட்டது. பின்வாங்கிற் பிள்ளைகளுக்கு ஒன்றுந் தெரியவில்லை. பெற்றோரிடமிருந்து முறைப்பாடு வந்தது. மேல்மாடி வகுப்புக்கு அவர் பிந்தியே செல்கிறார் என்றும், கதிரையில் அமர்ந்தால் எழுவதில்லை என்றும் பிறர் கூறினர். நான் அழைத்து விசாரித்தேன். "கை எழும்புதில்லை, சேர். நோ பெரிசா இல்லை, எழும்புதில்லை, அவ்வளவுதான்" என்றார். நோவில்லாமலே எழும்பாத கை எத்தகைய கை? முப்பது ஆண்டுகளாகச் சாட்டுக்களைக் கேட்டுப் பழகிய செவி என்னுடையது. பாடசாலைச் சம்பவத் திரட்டில், 'கடமையில் அக்கறைக் குறைவு' என்று எழுதி ஒப்பமிட்டேன்.

அக்காலத்தில் எட்டாந் தரத்துச் சிறுமி ஒருத்தி, சித்திரம் வரைவதில் விருப்பமுள்ளவள், என்னிடம் வந்து, "ரீச்சரின்ரை கண்மடல் கத்தரிப்பூ நிறமாக் கிடக்கு, சேர்" என்றாள். போய்ப் படி என்று அனுப்பிவிட்டேன். அவள் கண்ட அந்தக் கத்தரிப்பூ நிறந்தான் இந்நோயின் தலையாய அடையாளங்களுள் ஒன்று என்பதை நான் அறிந்தபோது ஓராண்டு கழிந்திருந்தது.

அதற்கிடையில் ஆசிரியையைக் குருதிப் பரிசோதனைக்கு உட்படுத்திய இடமொன்றில், ஈரல் பழுதடைந்திருக்கிறது என்று கூறி, எண்ணெய்ப் பண்டங்களை விலக்கச் சொல்லியிருந்தார்கள். அது அறியாமையால் மட்டும் நேர்ந்ததன்று. ஈரலின் நலிவைக் காட்டுவனவாக நாம் கொள்ளும் இரு நொதியங்கள் தசையிலும் உள்ளன. தசை சிதையும்போதும் அவை குருதியிற் கலக்கின்றன. தசைக்கே சிறப்பாக உரிய கிரியற்றீன் கைனேசு என்னும் நொதியத்தையும் சேர்த்து அளந்திருந்தால், குற்றவாளி ஈரலன்று, தசையே என்பது புலப்பட்டிருக்கும். அவ்வம்மையார் மாதக்கணக்காக எண்ணெயின்றி உண்டு, மேலும் மெலிந்தார். ஒருநாட் படிக்கட்டில் விழுந்தார். பின்னர், விழுங்கிய தேநீர் மூக்கின் வழியே திரும்பி வரவே, வீட்டார் அஞ்சிக் கொழும்புக்குக் கொண்டு சென்றனர். அங்கே தொடையிலிருந்து சிறு தசைத் துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்து நோயின் பெயரைக் கூறினார்கள். டெர்மற்றோமயோசைற்றிசு; தமிழிற் சொல்வதாயின் தோல்தசையழற்சி.

தசையழற்சி என்பது ஒரு தனி நோயன்று, ஒரு குடும்பம். ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ இருபது பேருக்கு மேற்படாதோரையே புதிதாகப் பற்றும் அரிய குடும்பம். அரியதாயினும் அதன் நடை ஒழுங்கானது. தோள், இடுப்பு, தொடை ஆகிய, உடலின் நடுப்பகுதியை ஒட்டிய தசைகளே பெரும்பாலும் முதலில் வலுவிழக்கும். பேனா பிடிக்க முடியும். தலைவாரக் கையுயர்த்த முடியாது. சமதரையில் நடக்க முடியும், படியேற முடியாது. எழுத்து அழகு கெடாமல் எழுத்தின் இடம் மட்டும் கீழிறங்கியது இதனாலேதான். கரும்பலகையே பரிசோதனைக் கருவியாக என் கண்முன்னே நின்றது. நான் அதை வாசிக்கவில்லை.

இந்நோய் பெயர் பெற்று நெடுங்காலமாகிவிட்டது. ஜேர்மனியின் லீப்சிக் நகரில் ஏர்னஸ்ற் வாக்னர் என்னும் வைத்தியர் 1863இலே இத்தகைய நோயாளர் ஒருவரைப் பற்றி எழுதினார். ஹைன்ரிச் உன்வெரிஷ்ட் என்பவர் 1887இல் மீண்டும் விவரித்து, 1891இல் தோலையும் தசையையும் இணைத்து இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். பெயரிட்டாயிற்று, காரணந்தான் விளங்கவில்லை. கிருமி எதனையுங் காணோம். நஞ்சு எதனையுங் காணோம். பகைவன் எவனுமில்லாத ஊரிலே வீடுகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

எரித்தவர்கள் ஊர்க்காவலரே என்று ஐயுறுவதற்கு அக்கால அறிவு இடந்தரவில்லை. அதற்கு ஒரு பெரியாரின் வாக்கும் காரணமாயிற்று. நோயெதிர்ப்பியலின் தந்தையருள் ஒருவரான போல் ஏர்லிக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடல் தன்னைத்தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சும் என்னுங் கருத்தை வெளியிட்டார். அவ்வச்சம் தவறினால் நோய் விளையும் என்பதும் அவர் கருத்துள் அடங்கியிருந்தது. பின்வந்தோர் அதை, உடல் தன்னைத் தாக்கவே மாட்டாது என்னும் விதியாகக் கொண்டுவிட்டனர். வியன்னாவில் டொனாத், லான்ட்ஸ்ரைனர் என்னும் இருவர் 1904இலேயே, தன் செங்குருதிக் கலங்களைத் தானே அழிக்கும் நோயொன்றைக் காட்டியிருந்தும் விதி அசையவில்லை. ஆசிரியர் சொன்னதைப் பாதியாகக் கேட்டு முழுதாக நம்பும் மாணவர் எல்லாத் துறையிலும் உண்டு போலும்! அமெரிக்காவின் பபலோ நகரில் நோயெல் றோஸ், ஏர்னஸ்ற் விற்றெப்ஸ்கி ஆகிய இருவர், முயலின் கேடயச் சுரப்பிச் சாற்றை முயலுக்கே ஊட்டி, அதன் எதிர்ப்பாற்றல் அச்சுரப்பியைத் தாக்குவதை 1956இல் நிறுவிய பின்னரே அறிஞருலகம் மனம் மாறத் தொடங்கியது.

அவ்வாறாயின், காவலர் ஏன் ஒவ்வொரு நாளும் நம்மைத் தாக்குவதில்லை? இவ்விடத்தில் நான் என் தொழிலின் வழியே விளக்க முயல்கின்றேன்.

மார்பெலும்பின் பின்னே தைமசு என்றொரு சுரப்பி இருக்கின்றது. குழந்தைப் பருவத்திற் பெரிதாயிருந்து, வயதேற ஏறச் சுருங்கிவிடும். அதனைப் பயனற்றதென்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். இலண்டனில் ஜாக் மில்லர் என்னும் ஆராய்ச்சியாளர் 1961இல், பிறந்தவுடன் அச்சுரப்பி அகற்றப்பட்ட எலிக்குஞ்சுகள் தொற்றை எதிர்க்க மாட்டாமல் நலிவதைக் கண்டு, அதன் அருமையை உலகுக்கு உணர்த்தினார். தைமசு ஒரு பாடசாலை. ரீ நிணநீர்க்கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்கள் அங்கே பயிலுகின்றன. அவற்றுக்கு நடைபெறும் பரீட்சை ஒன்றே: சொந்த உடலின் பொருள்களை அவற்றின்முன் காட்டுவார்கள். வெறிகொண்டு பாய்கின்ற கலம் அங்கேயே மாய்க்கப்படும். எதனையும் அடையாளங்காணாத மந்தக் கலமும் மாயும். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை சித்தியடைவதில்லை. நமது பரீட்சைகளைக் கடுமை என்று குறைகூறும் பெற்றோருக்கு இதனைச் சொல்வதுண்டு.

எனினும் எந்தப் பாடசாலையிலும் தப்பிச் சித்தியடைவோர் சிலர் இருக்கவே செய்வர். அவர்களை வெளியிலே அடக்கி வைப்பதற்கு மாணவத் தலைவர் போன்ற இன்னொரு வகைக் கலங்கள் உள. ஒழுங்குபடுத்தும் ரீ கலங்கள் என்பது அவற்றின் பெயர். யப்பானியரான ஷிமோன் சாகாகுச்சி 1995இல் அவற்றை இனங்காட்டினார். அவருக்கும், அக்கலங்களை ஆளும் மரபணுவைக் கண்டறிந்த மேரி பிறங்கோ, பிரெட் றாம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் 2025ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே, தன்னைத் தாக்கும் ஆற்றல் நம் ஒவ்வொருவரிடமும் உறங்குகின்றது. கட்டுப்பாடு தளரும்போது அது விழிக்கின்றது. ஏன் தளர்கிறது என்பதற்கு மரபுவழி, சூரியனின் புறவூதாக் கதிர், சில தொற்றுக்கள், சில மருந்துகள், புற்றுநோய் எனப் பல ஏதுக்கள் கூறப்படுகின்றன. ஒரு தனிக் காரணம் இன்றளவுங் கிட்டவில்லை.

விழித்த படை தசையை அழிக்கும் முறை எல்லா நோயிலும் ஒன்றாயிருப்பதில்லை. எனக்கு வியப்பளித்தது இதுவே.

ஆசிரியைக்கு வந்த தோல்தசையழற்சியில் தசைநாரைக் காட்டிலும் அதற்கு உணவூட்டும் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெரிதும் தாக்குறுகின்றன. குருதியில் மிதக்கும் ஒருவகைப் புரதங்கள் ஒன்றுகூடிக் கிருமிகளின் மேற்றோலைத் துளைப்பதற்காக உள்ளவை. அவை கிருமியை விட்டு அக்குழாய்களின் சுவரிலே படிகின்றன. குழாய்கள் அருக, தசைக்கட்டின் ஓரத்து நார்கள் வயலின் கடைமடைப் பயிர்போல வாடிச் சுருங்குகின்றன. ஓரம் வாடி நடு செழித்திருக்கும் அந்தக் காட்சியை நுணுக்குக்காட்டியிற் கண்டால் வைத்தியருக்கு நோய் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

இதனோடு இன்னொன்றுஞ் சேர்கின்றது. வைரசு புகுந்த கலமொன்று அயற்கலங்களை எச்சரிப்பதற்கு இன்டர்பெரோன் என்னும் பொருளைச் சுரக்கும். இதனை இலண்டனில் ஐசக்ஸ், லின்டன்மான் ஆகியோர் 1957இற் கண்டறிந்தனர். அபாய மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்நோயாளரின் தசையிலும் தோலிலும் குருதியிலும் அம்மணி ஓயாது ஒலித்துக்கொண்டிருப்பதன் தடயம் காணப்படுகின்றது. தசையில் இதனை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2005இல் வெளியிட்டனர். வைரசைக் காணோம், மணி மட்டும் நிற்கவில்லை. பாடசாலையில் நாள்முழுதும் அபாய மணி அடித்துக்கொண்டிருந்தால் என்ன நிகழும் என்பதை எண்ணிப் பாருங்கள். தீயினால் அன்று, ஓட்டத்தினாலும் நெரிசலினாலும் பிள்ளைகள் காயப்படுவர். கண்மடலின் கத்தரிப்பூ நிறமும், விரல் மூட்டுக்களின் மேலே தோன்றும் சிவந்த தடிப்புக்களும் இம்மணியோசை தோலிற் பதித்த குறிகள் என்று சொல்லலாம்.

வேறு சில தசையழற்சிகளில் கொல்லும் ரீ கலங்கள் நேரே தசைநாரைச் சூழ்ந்து உட்புகுகின்றன. நமது உடலின் ஏனைய கலங்கள் பெரும்பாலும் தம் மேற்பரப்பில் ஓர் அடையாளப் புரதத்தைத் தாங்கி நிற்பன. தசைநாரோ, நலமாயிருக்கும்போது அதனை ஏறக்குறையத் தாங்குவதேயில்லை. அழற்சி வந்தபோது அதுவும் அந்த அட்டையை வெளியே நீட்டுகின்றது. நீட்டவே, கொல்லுங் கலம் அதைப் பற்றிக்கொண்டு துளையிட்டு நஞ்சைச் செலுத்துகின்றது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரை, குறிப்பாக ஆண்களை, மெல்ல மெல்லப் பற்றி, விரல்களின் பிடியையும் தொடையின் வலுவையும் குறைக்கும் உட்பொருட் தசையழற்சி என்னும் வகையில் இக்காட்சியைக் காணலாம். விந்தை யாதெனின், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளுக்கு அந்த வகை பணிவதில்லை. காவலர் வந்ததனால் வீடு இடிந்ததா, இடியும் வீட்டைக் கண்டு காவலர் வந்தனரா என்னும் வழக்கு இன்னுந் தீரவில்லை.

மூன்றாவதாகப் பிறபொருளெதிரிகளைச் சொல்ல வேண்டும். தன் உடற்பொருளையே குறிவைக்கும் பிறபொருளெதிரிகள் பல இந்நோயாளரின் குருதியிற் காணப்படுகின்றன. 1980இல் விவரிக்கப்பட்ட யோ-1 என்பது புகழ்பெற்றது. கலத்தினுள்ளே புரதம் கட்டுவதற்கு உதவும் நொதியமொன்றே அதன் இலக்கு என்பது 1983இல் வெளியாயிற்று. அது உள்ளவர்களுக்குத் தசையோடு சுவாசப்பையும் தழும்பேறக்கூடும். ஆகவே இளைப்பையும் வறட்டிருமலையும் கேட்டறிதல் வேண்டும். இன்னொரு பிறபொருளெதிரி, கொலஸ்ரரோலை ஆக்கும் நொதியத்தைக் குறிவைப்பது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் கண்டறியப்பட்ட இதனை உடையோருட் பலர், கொலஸ்ரரோலைக் குறைக்கும் ஸ்ரற்றின் குளிசைகளை உண்டவர்கள். இதனைக் கேட்டவுடன் குளிசையை நிறுத்திவிடாதீர்கள். அக்குளிசையினால் வரும் சாதாரணத் தசை நோவு வேறு. அது நிறுத்தினால் நீங்கிவிடும். நான் சொல்லும் நோய் மிக மிக அரிது. குளிசையை நிறுத்திய பின்னரும் வலுவின்மை வளர்ந்துகொண்டே போவது அதன் இயல்பு.

புற்றுநோயைப் பற்றி ஒரு சொல். வளர்ந்தோருக்குத் தோல்தசையழற்சி வரும்போது அதன் பின்னே சில வேளைகளிற் புற்றுநோய் மறைந்திருக்கும். புற்றுக்கலத்தை எதிர்க்க எழுந்த படை, அதனையொத்த தசைப்பொருளையும் தாக்குகிறது என்பது அறிஞர் கருத்து. ஆதலின் அவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையுஞ் செய்வர். பிள்ளைகளுக்கு வரும் இந்நோய்க்கு அத்தொடர்பு இல்லை.

சிகிச்சைக்கு வருவோம். நாடகக் கலையில் ஈடுபாடுள்ள நேயர்கள் லோறன்ஸ் ஒலிவியரை அறிவீர்கள். சேக்ஸ்பியரின் மாந்தரை மேடையிலும் திரையிலும் உயிர்ப்பித்த அப்பெருநடிகரை 1974இல், அறுபத்தேழாம் வயதில், இதே தோல்தசையழற்சி பற்றியது. மேடை அவருக்கு முடிந்துபோயிற்று. ஆயினும் அவர் மீண்டெழுந்து திரைப்படங்களில் நடித்தார். 1983இல் லியர் மன்னனாகத் தொலைக்காட்சியில் தோன்றினார். 1989 வரை வாழ்ந்தார். அவர் நூறு ஆண்டு முன்னர் பிறந்திருந்தால் அதற்கு வழியிருந்திராது. அமெரிக்காவில் பிலிப் ஹெஞ்ச் என்பவர் 1948இல் மூட்டுவாத நோயாளர் ஒருவருக்குக் கோட்டிசோனைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்தே அழற்சியை அடக்கும் மருந்துக்காலம் பிறந்தது. அதற்கு 1950இல் நோபல் பரிசு கிட்டியது. அதன் வழிவந்த பிறெட்னிசலோனே இன்றும் முதல் மருந்து. முகம் ஊதும், நீரிழிவு வரும், எலும்பு நலியும். நெடுநாள் உண்டால் அம்மருந்தே தசையை வலுவிழக்கச் செய்வதும் உண்டு. வலுவின்மை நோயினாலா மருந்தினாலா என்று வைத்தியர் திகைக்கும் வேளையும் வரும். ஆகவே மெதோத்திரெட்சேற்று, அசதயோபிரீன் முதலிய மருந்துகளைச் சேர்த்து அதன் அளவைக் குறைக்கிறார்கள். தானாக நிறுத்துவது ஆபத்து.

ஆயிரக்கணக்கானோர் தானமளித்த குருதியிலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளை நாளத்தினூடே செலுத்துவது மற்றொரு முறை. 1993இற் பதினைந்து பேரிடத்தும், 2022இல் வெளியான பேராய்வொன்றில் தொண்ணூற்றைந்து பேரிடத்தும் அது நற்பயன் தந்தது. விலைதான் எளியோர் எட்டாதது. ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரில், நோயாளரின் சொந்த ரீ கலங்களை வெளியே எடுத்து, பிறபொருளெதிரியை ஆக்கும் பீ கலங்களை அழிக்குமாறு பயிற்றி, மீண்டும் உடலுட் செலுத்தியிருக்கிறார்கள். 2024இல் அவர்கள் வெளியிட்ட பதினைந்து நோயாளருள் மூவர் தசையழற்சியுற்றோர். தொகை சிறிது, காலமும் குறுகியது. எனினும் தவறிய காவலரைத் திருத்த மறுபடியும் பாடசாலைக்கு அனுப்பும் இவ்வெண்ணம் என்போன்ற ஆசிரியனை மகிழ்விக்காதிருக்குமா?

பணமில்லாதோர்க்கும் எட்டுவது ஒன்றுண்டு. தசையழற்சியுற்றோர் அசையாது படுத்திருத்தல் வேண்டும் என்றே முன்னர் விதித்தனர். 1990களின் இறுதியில் சுவீடனிலும் ஒஸ்திரியாவிலும் நிகழ்ந்த ஆய்வுகள், அளவான பயிற்சி அழற்சியைப் பெருக்குவதில்லை, வலுவைப் பெருக்குகிறது என்று காட்டின.

எங்கள் ஆசிரியை எட்டு மாதம் கழித்துக் கடமைக்குத் திரும்பினார். புற்றுநோய் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. அவரது வகுப்புக்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினோம்; வாங்குகளை முன்னே இழுத்தோம். வெயிலுக்கு அவர் குடை பிடித்தே வருகிறார். வீட்டிற் சுவரருகே நின்று விரல்களைப் படிப்படியாக மேலே நகர்த்தும் பயிற்சியை நாள்தோறுஞ் செய்கின்றார். என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. அது எனக்கு எளிதாயிருக்கவில்லை.

சம்பவத் திரட்டில் எழுதியதை அழிக்கவோ தாளைக் கிழிக்கவோ எவருக்கும் உரிமையில்லை. எனவே அப்பழைய குறிப்பைச் சுட்டி, 'அக்குறிப்புத் தவறானது; ஆசிரியை அப்பொழுது நோயுற்றிருந்தார்; அதிபர் அதனை விசாரித்தறியவில்லை' என்று திகதியிட்டு எழுதி ஒப்பமிட்டேன். அவருடைய எழுத்து இப்பொழுது பலகையின் மேல் விளிம்புக்கு மூன்று வரி கீழே தொடங்குகின்றது.